ஃப்ரீ ஏஜென்ட் குளோசரை எப்படித் தேர்ந்தெடுப்பது: சேவ் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள்

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்த 5 நாளில் ஃப்ரீ ஏஜென்ட்களின், அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்று இருக்கும் வீரர்களின், சந்தை திறந்துவிடும். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்றி முடித்துக்கொடுக்கும் பிட்சர், அதாவது குளோசர், உங்கள் அணியில் இல்லை என்றால், அந்த வாரமே ஃப்ரீ ஏஜென்ட் ரிலீவர்களின் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்கள்) பட்டியலை எடுத்து, போன சீசனில் யார் அதிக சேவ் எடுத்தார்கள் என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தத்தான் கை போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பட்டியல் போட்டேன், மேலே இருந்த பெயரை என் அணி எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டேன், அப்புறம் அந்தப் பெயர்கள் இரண்டே வருடத்தில் என்ன ஆயின என்று திரும்பிப் பார்த்தபோதுதான் எதைப் பார்க்க வேண்டும் என்பதே புரிந்தது. உங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) இருக்கையில் நீங்களே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சேவ் என்றால் என்ன என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் யோசித்த கணக்கு இது, 1969-லிருந்து மேஜர் லீக்கில் அதிகாரப்பூர்வம். 3 ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் உள்ளே வந்து ஒரு முழு இன்னிங்ஸ் போட்டு ஆட்டத்தை முடித்தால் சேவ். இப்போது இதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பேஸில் ரன்னர் ஒருவரும் இல்லை, 3 ரன் முன்னிலை, குளோசர் வருகிறார், 2 ரன் கொடுக்கிறார், எப்படியோ மூன்று அவுட் எடுத்துவிடுகிறார். அந்த இன்னிங்ஸில் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு, குறைந்தால் நல்லது) 18.00. ஆனால் கணக்கில் ஒரு சேவ் ஏறிவிட்டது. அதே ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஒரு ரன் முன்னிலையை வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி) காப்பாற்றிய பையனுக்கு ஒரு ஹோல்டுதான் (முன்னிலையைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைத்ததற்கான கணக்கு), மறுநாள் அவன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சேவ் கணக்கு பெரும்பாலும் ஒரு பிட்சருக்கு எத்தனை முறை அந்த வாய்ப்பு வந்தது என்பதைத்தான் சொல்கிறது. நன்றாக விளையாடும் அணி, நெருக்கமான ஆட்டங்கள், ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஒரே ஆள் என்று பிடிவாதமாக இருக்கும் மேனேஜர், இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ணிக்கை எகிறிவிடும்.

இதற்கு ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸை விடத் தெளிவான சாட்சி கிடையாது. 2008-ல் ஏஞ்சல்ஸ் அணிக்காக 62 சேவ், ஒரே சீசனில் அதற்கு மேல் இன்றுவரை யாரும் எடுத்ததில்லை. அந்தக் குளிர்காலமே அவர் ஃப்ரீ ஏஜென்ட், மெட்ஸ் 3 வருடத்துக்கு 3.7 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ஆனால் பக்கத்துப் பத்தியைப் பார்த்திருந்தால் வேறொரு கதை இருந்தது. அவருடைய ஸ்ட்ரைக்அவுட்கள் 2006-ல் 98, 2007-ல் 90, 2008-ல் 77. சாதனை படைத்த அதே வருடத்தில் பேட்டர்களை ஏமாற்றும் திறன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, வாக் (நான்கு பால் போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) மட்டும் 34. மெட்ஸில் முதல் வருடம் ஈ.ஆர்.ஏ. 3.71. மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் 62 என்ற எண்ணுக்குக் கொடுத்த விலைக்கு அது ஈடாகவில்லை.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

வெளியே ஆள் தேடுவதற்கு முன் உங்கள் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) இப்போது ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் போடுகிறவர்களை ஒருமுறை ஆற அமரப் பாருங்கள். 1996-ல் யாங்கீஸ் குளோசர் ஜான் வெட்லண்ட், அந்த வருட வேர்ல்ட் சீரிஸின் எம்.வி.பி.யும் (சிறந்த வீரர்) அவர்தான். சீரிஸ் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார், யாங்கீஸ் விட்டுவிட்டது, அவர் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஜெயித்துக்கொடுத்த ஆளை விடுகிறீர்களே என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் அவருக்கு முன்னால் எட்டாவது இன்னிங்ஸில் பந்து போட்டுக்கொண்டிருந்தவர் மரியானோ ரிவேரா. அந்த சீசனில் அவர் எடுத்த சேவ் வெறும் 5, ஆனால் 107-க்கு மேல் இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 2.09. அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 652 சேவ், 2019-ல் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் ஹால் ஆஃப் ஃபேம்.

எல்லா வீட்டிலும் ரிவேரா இருக்கமாட்டார், சரி. ஆனாலும் உள்ளே ஒரு நல்ல எட்டாவது இன்னிங்ஸ் ஆள் இருந்தால், அவரை ஒன்பதாவதுக்கு ஏற்றிவிட்டு அவர் இடத்துக்கு வெளியே ஆள் எடுப்பது பல சமயம் பாதி விலையில் முடிந்துவிடும், ஏனென்றால் குளோசர் என்ற பட்டத்துக்கே சந்தையில் தனி விலை உண்டு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வருடம் உங்கள் அணி உண்மையில் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்? 70 ஆட்டம் மட்டுமே ஜெயிக்கும் பலவீனமான அணிக்கு விலையுயர்ந்த குளோசர் வேண்டாம். காப்பாற்ற முன்னிலையே இல்லாதபோது அவர் புல்பென்னில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார். அந்தக் காசை பேட்டிங்கில் போடுங்கள்.

எந்த எண்களைப் பார்க்க வேண்டும்

ஒரே ஒரு எண்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்: சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதிலிருந்து எத்தனை சதவீதம் பேருக்கு வாக் கொடுத்தார் என்பதைக் கழித்தால் வருவது. லீக் சராசரி ஏறக்குறைய 14, 15 என்ற அளவில் இருக்கும். குளோசர் வேலைக்கு 20-க்குக் கீழே இருப்பவரைத் தொட எனக்கு மனம் வராது, 25-க்கு மேல் என்றால் உட்கார்ந்து பேசலாம், 30 தாண்டினால் உடனே ஏஜென்டுக்குப் போன் போடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பேட்டில் பட்ட பந்து எங்கே போய் விழும் என்பதில் ஃபீல்டர், மைதானம், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்திருக்கிறது. ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் பிட்சரின் சொந்தச் சரக்கு. அதுவும் 2020-லிருந்து சாதாரண சீசன் ஆட்டங்களில் 10-வது இன்னிங்ஸ் முதல் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அந்த நிலையில் தரையில் உருண்டுபோகும் ஒரு அவுட்கூட ரன்னரை மூன்றாவது பேஸுக்குத் தள்ளிவிடும், ஸ்ட்ரைக்அவுட் என்றால் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

ஈ.ஆர்.ஏ.வை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு ரிலீவர் சீசன் முழுக்கப் போடுவதே 60, 70 இன்னிங்ஸ். அதில் இரண்டு மோசமான இரவுகள் வந்தால் போதும், வருடம் பூராவும் அந்த எண் கோணலாகவே நிற்கும். எட்வின் டியாஸ் 2018-ல் மரினர்ஸுக்கு 57 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.96. மெட்ஸுக்கு வந்த 2019-ல் 5.59. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், பலர் அவரை முடிந்துபோன ஆள் என்றே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த மோசமான வருடத்தில் 58 இன்னிங்ஸில் அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட் 99! கூடவே 15 ஹோம் ரன் வாங்கியிருந்தார், அதுதான் பிரச்சினை. இவ்வளவு பேரை வெறும் காற்றில் பேட்டை வீசவைக்கிறவரிடம் சரக்கு தீர்ந்துவிடவில்லை என்று அந்த ஒரு எண்ணே கத்திச் சொன்னது. 2022-ல் அவர் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 1.31 என்று திரும்பி வந்தார்.

எதிர்ப்பக்கம் பிராட் லிட்ஜ். 2008-ல் ஃபில்லீஸுக்கு சாதாரண சீசனில் சேவ் வாய்ப்பு 41-க்கு 41, பிளேஆஃபில் 7-க்கு 7, ஒரு முன்னிலையைக்கூடக் கோட்டைவிடாமல் கோப்பையைத் தூக்கிக்கொடுத்தார். அடுத்த வருடம் 11 முறை கோட்டைவிட்டார், ஈ.ஆர்.ஏ. 7.21. அதே ஆள், அதே அணி, அதே மைதானம், நடுவில் ஒரே ஒரு குளிர்காலம். அதனால்தான் ஒரு வருடத்தை மட்டும் எடுத்துப் பார்க்காதீர்கள் என்கிறேன். மூன்று வருடத்தை எடுங்கள், கடைசி வருடத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள், அந்த மூன்றிலும் ஸ்ட்ரைக்அவுட், வாக் வித்தியாசம் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள்.

ஹோம் ரன்னையும் தனியாகப் பாருங்கள். ஒரு ரன் முன்னிலையை ஒரே பந்தில் அழிப்பது அதுதான். பந்தைத் தரையில் உருளவைக்கும் பிட்சர் என்றால் ஸ்ட்ரைக்அவுட் கொஞ்சம் குறைந்தாலும் நான் மன்னிப்பேன், ஆனால் உங்கள் ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாவது பேஸ்மேனும் நல்ல கையுள்ளவர்களாக இருக்க வேண்டும். அங்கே ஓட்டை வைத்துக்கொண்டு சிங்கர் (கீழே இறங்கி, தரையில் உருளவைக்கும் பந்து) போடும் குளோசரை எடுத்தால் அவரையும் கெடுத்து உங்களையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

அப்புறம் வீடியோவைப் போட்டு உட்காருங்கள்

எண்கள் பட்டியலைச் சுருக்கித் தரும், அவ்வளவுதான். மீதி இருக்கும் ஐந்தாறு பேரை கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும், அதுவும் ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அதில் எல்லோருமே ரிவேராதான். ஒவ்வொருவரும் திணறிய ஆட்டங்களைத் தேடி எடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது 3 பால், 1 ஸ்ட்ரைக் என்று வந்து நிற்கும் இடத்தை (இன்னொரு பால் என்றால் வாக்). ஒரு ரன் முன்னிலை, முதல் பேஸில் ஆள். இப்போது பேட்டருக்கும் தெரியும், மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஃபாஸ்ட்பால்தான் வரும் என்று. இந்த இடத்தில் ஸ்லைடரையோ (வளையும் பந்து) சேஞ்ச்அப்பையோ (வேகம் குறைத்த பந்து) நம்பி ஸ்ட்ரைக்குக்குள் போடுகிறாரா? போட்டால் அவரிடம் இரண்டு பந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று அர்த்தம். எப்போதும் ஃபாஸ்ட்பாலுக்கே ஓடினால், இரண்டாவது பந்து ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் முன்னால் இருக்கும்போது மட்டும் வெளியே எடுக்கும் நகை மாதிரிதான். அடுத்தது, கேட்சர் கையுறையை எங்கே வைத்தார், பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று 20 பந்துகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டர் அடித்தாரா இல்லையா என்பதைக் கவனிக்காதீர்கள். வெளி ஓரத்தில் கேட்ட பந்து நடுவில் போய், பேட்டர் அதைத் தவறவிட்டால் அது ரெக்கார்டில் ஒரு ஸ்ட்ரைக்தான், ஆனால் உங்கள் நோட்டில் அது தவறு.

ஸ்டாப்வாட்சைக் கையில் எடுங்கள், போனில் இருப்பதே போதும். பேஸில் ஆள் இருக்கும்போது பிட்சரின் கால் அசையும் கணத்தில் அழுத்துங்கள், பந்து கேட்சர் கையுறையில் அறையும்போது நிறுத்துங்கள். 1.3 விநாடி என்றால் நல்லது. 1.5-க்கு மேலே போனால் வேகமான ரன்னர் கேட்காமலேயே இரண்டாவது பேஸை எடுத்துக்கொள்வார் (இதுதான் ஸ்டீல்), ஏனென்றால் நல்ல கேட்சர்கூட பந்தைப் பிடித்து இரண்டாவது பேஸுக்கு அனுப்ப ஏறக்குறைய 2 விநாடி ஆகும். 2023-க்கு முன்னால் இது சின்ன விஷயமாக இருந்தது. அந்த வருடத்திலிருந்து பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாகிவிட்டது, பிட்சர் தண்டனையில்லாமல் இரண்டு முறைதான் ரன்னர் பக்கம் திரும்பவோ மவுண்டை (பிட்சர் நிற்கும் மேடு) விட்டு விலகவோ முடியும், பந்து போடுவதற்கான கெடுவைக் காட்டும் பிட்ச் கிளாக் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு வாக், ஒரு ஸ்டீல், ஒரு சிங்கிள், முன்னிலை போச்சு.

ரன்னரைக் கவனிக்கும் குளோசர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்பதற்கு 2013 வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டத்தைப் பாருங்கள். பாஸ்டன் 4, செயின்ட் லூயிஸ் 2, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். பேட்டிங்கில் கார்லோஸ் பெல்ட்ரான், முதல் பேஸில் கோல்டன் வாங். எல்லோர் கண்ணும் பெல்ட்ரான் மேல். மவுண்டில் நின்ற கோஜி உயேஹாரா சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார், வாங் திரும்பிப் பாய்வதற்குள் கையுறை அவர்மேல் பட்டுவிட்டது, ஆட்டம் முடிந்தது. பிக்ஆஃபில் முடிந்த முதல் போஸ்ட்சீசன் ஆட்டம் அதுதான்.

இடது கை பேட்டர், வலது கை பேட்டர் இருவரிடமும் எப்படி என்பதையும் பாருங்கள். 2020-லிருந்து ரிலீவர் 3 பேட்டரையாவது சந்திக்க வேண்டும், இல்லை இன்னிங்ஸ் முடிய வேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்துக்கு மட்டும் நல்லவராக இருப்பவரை ஏழாவது இன்னிங்ஸில் இடம் பார்த்து இறக்கலாம். ஒன்பதாவதில் எதிரணி யாரை வேண்டுமானாலும் பிஞ்ச் ஹிட்டராக (மாற்று பேட்டர்) அனுப்பும்.

உடம்பு

ஃபாஸ்ட்பால் வேகத்தை சீசன் சராசரியாகப் பார்க்காமல் மாதம் மாதமாகப் பாருங்கள். மே மாதம் மணிக்கு 98 மைல், செப்டம்பரில் 96 என்றால் எனக்கு உடனே முழங்கை ஞாபகம் வரும். சராசரி அழகாக 97 என்று காட்டிக்கொண்டு இருக்கும், ஆனால் நீங்கள் வாங்கப்போவது செப்டம்பர் மாதத்து ஆளை. பந்தை விடும் கையின் உயரம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், வலியைத் தவிர்க்க உடம்பு தானாகவே அப்படி மாறிக்கொள்ளும். முழங்கை, தோள்பட்டை இரண்டில் நான் அதிகம் பயப்படுவது தோள்பட்டைக்குத்தான். முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள், தோள்பட்டைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பி.ஜே. ரையனை 2005 குளிர்காலத்தில் டொரொன்டோ 5 வருடம், 4.7 கோடி டாலருக்கு எடுத்தது. முதல் வருடம் 38 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.37, இதைவிட நல்ல தொடக்கம் கேட்க முடியாது. 2007-ல் முழங்கை போனது, அறுவை சிகிச்சை, 2009-ல் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அணி அவரை விடுவித்துவிட்டது. அதனால் மருத்துவப் பரிசோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள். 2013 டிசம்பரில் கிராண்ட் பால்ஃபோரை ஓரியோல்ஸ் 2 வருடம், 1.5 கோடி டாலருக்குப் பேசி முடித்துவிட்டு, பரிசோதனையில் தோள்பட்டை பற்றிச் சந்தேகம் வந்ததும் பின்வாங்கியது. அப்போது நிறையப் பேர் திட்டினார்கள். பால்ஃபோர் டாம்பா பேக்குப் போனார், அடுத்த சீசன் ஈ.ஆர்.ஏ. 4.91. அறிவிப்பு வெளியே போய்விட்டதே, பெயர் கெட்டுவிடுமே என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

மைதானத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நீங்கள் கொலராடோ என்றால் வளைவை நம்பிப் பிழைக்கும் பிட்சரை எடுக்கும் முன் பத்து முறை யோசியுங்கள், அந்த உயரத்தில் காற்று மெல்லியது, பந்து அவ்வளவு வளையாது. வேட் டேவிஸ் 3 வருடம், 5.2 கோடி டாலருக்கு ராக்கீஸுக்கு வந்தார். 2018-ல் 43 சேவ், நேஷனல் லீக்கிலேயே அதிகம், ஈ.ஆர்.ஏ. மட்டும் 4.13. அடுத்த வருடம் 8.65. 43 என்ற எண் எதை மறைத்துவிட்டது என்று பாருங்கள்.

காசும் வருடமும்

உண்மையில் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். என் கருத்து இது: வருடத்துக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் பரவாயில்லை, வருடங்களைக் குறையுங்கள். மார்க் மெலன்சனுக்கு 2016 டிசம்பரில் ஜயன்ட்ஸ் 4 வருடம், 6.2 கோடி டாலர் கொடுத்தபோது ரிலீவர் வரலாற்றிலேயே அது பெரிய ஒப்பந்தம், சில நாட்களிலேயே ஆரோல்டிஸ் சாப்மன் யாங்கீஸிடம் 5 வருடம், 8.6 கோடி வாங்கி அதைத் தாண்டினார். மெலன்சனின் முதல் சீசன் 11 சேவ், ஈ.ஆர்.ஏ. 4.50, கையில் காயம். டியாஸ் 2022 நவம்பரில் மெட்ஸிடம் 5 வருடம், 10.2 கோடி டாலர் வாங்கினார், பத்து கோடியைத் தாண்டிய முதல் ரிலீவர் அவர்தான். 2023 மார்ச்சில் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோ ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுக்கப் போனது. யாராலும் கணிக்க முடியாத விபத்து அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீண்ட ஒப்பந்தம் போடுகிறவர் அந்த மாதிரி ஒரு வருடமும் அதற்குள் வரலாம் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். டாட்ஜர்ஸ் டேனர் ஸ்காட்டை 2025-ல் 4 வருடம், 7.2 கோடிக்கு எடுத்தது, முந்தைய வருடம் ஈ.ஆர்.ஏ. 1.75 வைத்திருந்தவர், முதல் சீசனில் 4.74.

அதே குளிர்காலத்தில் பாஸ்டன் சாப்மனை ஒரே ஒரு வருடத்துக்கு, 1 கோடியே 7.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. 37 வயது, முந்தைய வருடம் பிட்ஸ்பர்கில் 39 வாக். பாஸ்டனில் அதை 15 ஆக்கினார், 32 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.17. கை இன்னும் வேகமாக இருக்கிறது, குறை வாக் மட்டும்தான் என்கிற ஆள், ஒரு வருட ஒப்பந்தத்தில் கிடைத்தால் அதுதான் நான் தேடும் வகை. வாக்கைச் சரிசெய்ய நல்ல பயிற்சியாளரால் முடியும், போன வேகத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒப்பந்தத்தின் உள்ளே எழுதும் வரிகளைக் கவனியுங்கள். ரோட்ரிகஸின் மெட்ஸ் ஒப்பந்தத்தில், 2011-ல் 55 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தால் அடுத்த வருடத்துக்கு 1.75 கோடி டாலர் தானாக உறுதியாகிவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வருடம் ஜூலையில் மெட்ஸ் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டது. ஒவ்வொரு ஒன்பதாவது இன்னிங்ஸிலும் மேனேஜர் பேட்டரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கணக்கைப் பார்க்கும்படி ஒரு வரியை எழுதிக்கொள்ளாதீர்கள்.

குவாலிஃபையிங் ஆஃபர் (பழைய அணி தன் வீரருக்கு நீட்டும் ஒரு வருட ஒப்பந்தம்) இன்னொரு செலவு. பழைய அணி அதைக் கொடுத்து, வீரர் மறுத்திருந்தால், எடுக்கும் அணி டிராஃப்டில் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) ஒரு தேர்வை இழக்கும், லக்ஸுரி டாக்ஸ் (சம்பள வரம்பைத் தாண்டியதற்கான வரி) கட்டும் அணி என்றால் இரண்டு. அந்தத் தேர்வையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஆனால் சீசன் நடுவில் அணி மாறியவருக்கு அந்த ஆஃபரைக் கொடுக்க முடியாது, வாழ்க்கையில் ஒருமுறை அதை வாங்கியவருக்கும் மறுபடி கொடுக்க முடியாது. அதனால் ஜூலையில் டிரேட் ஆன குளோசர்களை முதலில் பாருங்கள், டிராஃப்ட் இழப்பு இல்லாமல் கிடைப்பார்கள். கிரெய்க் கிம்ப்ரலைப் போல அந்தச் சுமை கழியும்வரை காத்திருந்து எடுக்கலாமே என்று தோன்றலாம். 2019-ல் டிராஃப்ட் முடிந்த பிறகு ஜூனில்தான் கப்ஸ் அவரை எடுத்தது, 3 வருடம், 4.3 கோடி. ஸ்பிரிங் டிரெயினிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) இல்லாமல் நடு சீசனில் வந்து இறங்கியவருக்கு அந்த வருடம் ஈ.ஆர்.ஏ. 6.53. டிராஃப்ட் தேர்வு மிச்சமானது, ஆனால் ஆள் தயாராக வரவில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

எட்டாவது இன்னிங்ஸில், அவர்களுடைய நல்ல பேட்டர்கள் மூன்று பேர் வரிசையாக வரும்போது உள்ளே வருவீர்களா? இதை வீரரிடம் நேராகக் கேளுங்கள். ஒன்பதாவது மட்டும்தான் என்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம், ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆண்ட்ரூ மில்லர் யாங்கீஸுக்கு 2014 டிசம்பரில் 4 வருடம், 3.6 கோடிக்கு வந்தபோது அதுவரை அவர் எடுத்திருந்த சேவ் ஒன்றே ஒன்று. முதல் வருடமே 36 எடுத்தார், 2016-ல் கிளீவ்லண்டுக்குப் போய் ஐந்தாவது இன்னிங்ஸில் கூப்பிட்டாலும் வந்து அந்த லீக் சாம்பியன்ஷிப் சீரிஸின் எம்.வி.பி. ஆனார்.

வீரரிடம் கேட்ட கேள்வியை உங்கள் மேனேஜரிடமும் கேளுங்கள். 2016 வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் சீசனே முடிந்துவிடும் ஒற்றை ஆட்டம்), டொரொன்டோ. பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் அந்த வருடம் 47-க்கு 47, ஈ.ஆர்.ஏ. 0.54, அப்படி ஒரு சீசனை நான் பார்த்ததில்லை. ஆட்டம் சமநிலையில் 11-வது இன்னிங்ஸுக்குப் போனது. முன்னிலை வந்தால் சேவுக்கு அவர் வேண்டும் என்று பிரிட்டனைப் புல்பென்னிலேயே வைத்திருந்தார்கள், எட்வின் என்கார்னாசியோன் வேறொரு பிட்சரிடம் 3 ரன் ஹோம் ரன் அடித்தார், சீசன் முடிந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இவ்வளவு தேடி, காசு கொடுத்து ஆளை எடுத்துவிட்டு அவரை இறக்காமலே தோற்பதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

கடைசியாக, ஒருவரோடு நிறுத்தாதீர்கள். 2013-க்கு முன் பாஸ்டன் குளோசர் வேலைக்கென்றே ஜோயல் ஹன்ரஹனை டிரேடில் கொண்டுவந்தது, ஆண்ட்ரூ பெய்லி ஏற்கெனவே இருந்தார். இருவரும் காயத்தில் போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பெரிய சத்தமில்லாமல் 42.5 லட்சம் டாலருக்கு, ஒரு வருடத்துக்கு எடுத்திருந்த ஒரு எட்டாவது இன்னிங்ஸ்காரர்தான் அந்த இடத்துக்கு வந்தார். வயது 38, ஃபாஸ்ட்பால் சராசரி 90 மைலைக்கூடத் தொடாது, கூடவே ஒரு ஸ்ப்ளிட்டர் (பேட்டர் முன்னால் சட்டென்று இறங்கும் பந்து). 74 இன்னிங்ஸ், 101 ஸ்ட்ரைக்அவுட், 9 வாக், ஈ.ஆர்.ஏ. 1.09. முதல் பேஸுக்குத் திரும்பி எறிந்தாரே, அதே உயேஹாரா. மூன்று நாள் கழித்து பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் மேட் கார்பெண்டரை ஸ்ட்ரைக்அவுட் செய்து கோப்பையை முடித்துவைத்தவரும் அவர்தான். சேவ் வரிசையில் பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர் முதல் பக்கத்திலேயே வந்திருக்காது. ஆகவே உங்கள் குளோசருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், வாக் கொடுக்காத, பெயர் பெரிதாக இல்லாத இன்னொரு ரிலீவருக்கும் ஜனவரியில் ஒரு போன் போடுங்கள்.